விதையில் பூத்த பச்சை

எங்கள் கூடத்தில் தயாராகும் விதை மருந்துப் பொட்டலத்தின் பின்பக்கம் ஒரு வரி உண்டு. "முளைகட்டும்போது விதையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்தால் நல்லது. கழுவ வேண்டாம்." இனிமேல் பொடி கிடையாது, பாட்டிலில் திரவமாகத்தான் வரப்போகிறது. அதற்குப் புது லேபிள் எழுத உட்கார்ந்த, புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் இந்த வரியைப் படித்துவிட்டுச் சிரித்தார்கள்.

"மருந்து போட்ட விதைய எந்தக் கிறுக்கனுங்கண்ணா எடுத்துக் கழுவுவான்?" என்று என்னைத்தான் கேட்டார்கள்.

நான் வேலையை விட்டு விலகும் வாரம் அது. பல வருடம் அந்தப் பொடியின் பச்சைத் தூளைச் சுவாசித்ததில் நெஞ்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஃபேர்லேண்ட்ஸ் ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் இனி அந்தப் பக்கமே போகக்கூடாது என்றார். வயது ஐம்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறது, அதற்குள் ஓய்வு. பிள்ளைகள் கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன்.

நான் படித்தது ஐந்தாவது வரை. அதன்பின் சங்ககிரியில் லாரிப் பட்டறையில் வேலை. கிரீஸ் துடைத்துக்கொண்டிருந்தவனை, விவசாயிகள் சேர்ந்து நடத்தும் இந்தக் கூடத்துக்கு மூட்டை தூக்கக் கூப்பிட்டார்கள். மூட்டை தூக்கப் போனவன் மெல்ல உள்ளறைக்குள் சேர்த்துக்கொள்ளப்பட்டேன்.

அங்கே நாங்கள் செய்தது இதுதான். நெல் விதைக்குள்ளேயே சில நோய்கள் ஒளிந்துகொண்டு வரும். பூக்கும் காலத்திலேயே மணிக்குள் புகுந்துவிடும். விதைத்து முளைக்கும்போது அதுவும் கூடவே முளைக்கும். அதைத் தடுக்க இன்னொரு பூஞ்சையை விதையின் மேல் பூசி அனுப்புவோம். பஸ்ஸில் முதலில் ஏறியவன் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி, நம் பூஞ்சை முளையையும் வேரையும் பிடித்துக்கொள்ளும். பின்னால் வருகிற கெட்ட பூஞ்சைக்கு உட்கார இடமிருக்காது.

அதை வளர்ப்பது குருணையில். குருணையை அரைவேக்காடாக வேகவைத்து, ஆறவைத்து, சூடு தாங்கும் பிளாஸ்டிக் பைகளில் போட்டு, வாயில் பஞ்சடைத்து, ஆளுயரக் குக்கரில் ஏற்றுவோம். குக்கர் இறங்கி பை முழுக்கக் குளிர்ந்த பிறகுதான் உள்ளறை வேலை. ஸ்பிரிட் விளக்கின் சுடருக்குப் பக்கத்திலேயே பஞ்சை எடுத்து, மூலப் பூஞ்சை இருக்கும் தாய்க்குழாயிலிருந்து ஒரு துணுக்கை உள்ளே விட்டு, மறுபடி பஞ்சை அடைக்க வேண்டும். அந்த நேரத்தில் பேசக்கூடாது, வாய்க்காற்று பையில் படக்கூடாது. பேசக்கூடாத வேலை என்பதால்தான் அது எனக்குப் பிடித்துப்போனது என்று நினைக்கிறேன். முதலில் பஞ்சு போல் வெள்ளையாகப் படரும். பிறகு நடுவிலிருந்து பச்சை ஏறும். அறையைத் திறந்தால் அப்போதுதான் உடைத்த தேங்காயின் வாசம் வரும். அப்படி வந்தால் பை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். புளித்த வாடை வந்தால், ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தால், அந்தப் பை வெளியே குழிக்குப் போகும்.

கூடத்தின் பொறுப்பு கோமதி மேடத்திடம் இருந்தது. ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். அஸ்தம்பட்டியில் குடியிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். என்னைவிட வயதில் சின்னவர், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஒரு பை கெட்டுப்போனால் யார் செய்தது என்று கேட்க மாட்டார். பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார், பஞ்சை விலக்கி முகர்வார், "திரும்ப வெச்சுப் பார்ப்போம்" என்பார். அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால் அன்று சாயங்காலமே மறந்திருப்பேன். திட்டாததால் ஒவ்வொரு பையும் இப்போதும் நினைவிருக்கிறது.

இவ்வளவு நல்ல வேலையை வெளியில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சேர்ந்த புதிதில் பட்டறைக்குப் பழைய ஆட்களைப் பார்க்கப் போயிருந்தேன். என்ன வேலை என்று கேட்டார்கள். பூசணம் வளர்ப்பது என்றேன்.

"ஏண்டா செல்லமுத்து, எங்கூட்டு ஊறுகாச் சாடியக் கொண்டாந்து குடுக்கட்டுமா? அதுல கேக்காமயே பூத்துக் கெடக்குது" என்றார் ஒரு டிரைவர். பட்டறையே சிரித்தது. அதன் பிறகு அந்த வார்த்தையை நான் வெளியில் சொல்லவில்லை.

எனக்குப் பெண் கொடுத்த வீடு குமாரபாளையத்துக்குப் பக்கத்தில், வாய்க்கால் பாசனம். கல்யாணமான புதிதில் என் மனைவி சரசாவிடம் உண்மையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, ஆனால் யோசித்தாள்.

"எங்கூட்டுல கேட்டா மருந்து லேபுன்னு சொல்லுங்க, போதும். பூசணம்னு சொன்னீங்கன்னா சோறு போடறப்ப எங்கம்மா உங்க கையத்தான் பாத்துக்கிட்டிருப்பாங்க."

அப்படியே சொன்னேன். அந்த வீட்டில் ஊறுகாய்ச் சாடியின் மூடியை ஈரக்கையால் தொட்டால்கூட மாமியார் சத்தம் போடுவார். பூசணம் பூத்த சாடி என்றால் அந்த வீட்டுப் பெண்களுக்கு அவமானம். அதனால் மருந்து லேப் என்ற பேச்சு எல்லாருக்கும் வசதியாக இருந்தது. சரசாவின் அண்ணன், என் மச்சான் குப்பண்ணன், "எங்க மாப்ள லேபுல இருக்கறாரு" என்று ஊரில் சொல்லிக்கொள்வார். சட்டையில் பச்சைக் கறையோடு அங்கே போக நேர்ந்தால், பஸ் ஸ்டாண்டுக் குழாயில் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் போவேன்.

ஒரு வருடம் ஆடியில் வாய்க்காலில் தண்ணீர் விடுவதற்கு முன்பு, மச்சான் முந்தைய பட்டத்தில் தன் வயலில் எடுத்த பொன்னி நெல்லையே விதைக்கு வைத்திருந்தார். அந்த வயலில் அங்கங்கே சில பயிர் மட்டும் வெளிறி நெடுநெடுவென வளர்ந்து கதிர் வராமல் காய்ந்ததை நான் பார்த்திருந்தேன். நெட்டைப் பயிர் நோய் என்போம். அது விதையில் வருவது. எங்கள் பொடியைக் கொண்டுபோய் நானே கலந்து தருகிறேன் என்றேன். அந்த வீட்டுக்கு நானாக ஒன்றைக் கொண்டுபோனது அதுதான் முதல் தடவை.

விதையை ஊறவைத்து வடித்து, ஆறிய வடிகஞ்சியில் பொடியைக் கரைத்து, வாசலில் பரப்பிய விதை மேல் தெளித்துப் புரட்டினேன். மச்சானின் மனைவி ராசாமணி கூட நின்று புரட்டினார். சரசாவுக்கு அவர் நங்கையா, அதாவது அண்ணி; எனக்கு அக்கா முறை.

"இதென்ன மருந்துங்க மாப்ள, தேங்கா வாசமடிக்குது?" என்றார் மச்சான்.

"விதை மருந்துங்க."

"கைல பட்டா ஒண்ணும் ஆவாதுங்களா தம்பி?" என்றார் அக்கா.

"ஆவாதுங்க்கா."

சாக்கில் கட்டி, வைக்கோல் மூடி, முளைகட்ட வைத்துவிட்டு வந்துவிட்டேன். உயிருள்ள பொருள் இது, ஈரத்தில் பூக்கும், பூத்தால் சந்தோஷப்படுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். மற்ற ஊர்களில் மேடம் கூட வருவார், அதை அவர் சொல்லிவிடுவார். பொட்டலத்தின் பின்பக்கத்து வரி அப்போது கிடையாது, இங்கே சொல்ல வேண்டியவன் நான் ஒருவன்தான். சொல்லவில்லை.

நாற்று எழுந்த பிறகு மச்சான் போன் செய்தார். "மாப்ள, வந்து பாருங்க. ஊரே நம்ம நாத்தங்கால் வரப்புலதான் நிக்குது." போனேன். நிஜமாகவே நாலைந்து பேர் நின்றார்கள். மச்சான் தோளில் துண்டோடு, நாற்றைக் கையால் காட்டினார்.

"பாத்தீங்களா? வெதச்சு எத்தன நாளாச்சு, அதுக்குள்ள எப்புடி ஏறுது பாருங்க. எங்க மாப்ள குடுத்த மருந்துங்க."

"எங்களுக்கும் ஒரு பொட்டலம் சொல்லி வெய்யுங்க சாமி" என்றார் பக்கத்து வயல்காரர் ஒருவர்.

நான் நாற்றங்காலைப் பார்த்தேன். பச்சை மட்டத்துக்கு மேலே வெளிறிய மஞ்சளாக, ஒல்லியாக, அங்கங்கே கொத்துக் கொத்தாக உயரமாய் நின்றன. மச்சான் பெருமையாகக் காட்டியதெல்லாம் நோய். எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவர்கள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள். அக்கா எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் மேடத்திடம் போய் நின்றேன். என்ன என்று கேட்டதும் சொன்னேன். அன்றே என் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வந்தார். நாற்றங்காலுக்குள் இறங்கி, நெட்டை நாற்று ஒன்றும் குட்டை நாற்று ஒன்றும் பிடுங்கி, வேரை அலசி, பக்கம் பக்கமாக வரப்பில் வைத்தார். நெட்டையின் தண்டில், மண்ணுக்கு மேலே உள்ள கணுவிலும் வேர் விட்டிருந்தது. அடித்தண்டில் வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த படலம்.

"இது வளர்ச்சி இல்லீங்க, நோய்" என்றார் மச்சானிடம். "நெட்டையா இருக்கறத எல்லாம் பிடுங்கி எரிச்சிருங்க, வாய்க்கால்ல மட்டும் போட்றாதீங்க. மிச்சம் இருக்கறதையும் முழுசா நம்ப முடியாது."

மச்சான் வரப்பில் இருந்த இரண்டு நாற்றையும் மாறி மாறிப் பார்த்தார். "மாப்ள குடுத்த மருந்தத்தானுங்க போட்டேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. முதல் நாள் வரப்பில் நின்றவர்களிடமே அவர் மிச்ச நாற்று கேட்டுப் போக வேண்டியிருந்தது. புதிதாக விதைத்து வளர்த்தால் வாய்க்கால் தண்ணீர் நிற்பதற்குள் கதிர் முற்றாது. நான் வீட்டுக்குப் போவதற்குள் சரசாவுக்கு அவள் அண்ணன் போன் செய்திருந்தார்.

மேடம் அங்கே மீதமிருந்த பொடியையும், விதை கட்டிய சாக்கையும், சாக்கின் தையலில் ஒட்டியிருந்த சில நெல்லையும் எடுத்துவந்திருந்தார். "திரும்ப வெச்சுப் பார்ப்போம்" என்றார். தட்டுகளில் வைத்தோம். பொடி வைத்த தட்டில் பச்சை நன்றாக ஏறியது, தேங்காய் வாசம் வந்தது. நெல் வைத்த தட்டில் இளஞ்சிவப்பு மட்டும்தான் படர்ந்தது. சாக்கை முகர்ந்து பார்த்தார். தையலில் ஒரு மஞ்சள் கறை இருந்தது.

"பொடி உயிரோடதான் இருந்திருக்கு அண்ணே. விதைமேலதான் நம்ம ஆளு இல்ல. யாரோ நல்லா அலசியிருக்காங்க போல."

சாக்கைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் போனேன். மச்சான் வீட்டில் இல்லை. அக்கா தொட்டியடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். சாக்கைப் பார்த்ததும் கையை உதறிவிட்டு எழுந்தார். நான் கேட்கவே இல்லை.

"தம்பி, ஒண்ணு சொல்லோணும். கோவிச்சுக்காதீங்க. மூட்டயப் பிரிச்சா உள்ளுக்குள்ள பூசணமுங்க. வெள்ளையும் பச்சையுமா. நீங்க குடுத்த மருந்து கெட்டுப்போயிருச்சாட்ட இருக்குதுன்னு பயந்துட்டேன். இவங்க பாத்தா உங்களத்தான் பேசுவாங்க. அதான் ஆருக்கும் தெரியாம மஞ்சத் தண்ணி கரச்சு, நாலு அலசு அலசி, மறுக்காக் கட்டி வெச்சுட்டேன். உங்களுக்கு ஒரு கெட்ட பேரு வந்துறக்கூடாதுன்னுதான் சாமி."

ஊறுகாயில் பூத்தால் வெளியில் தெரியாமல் வழித்து எறிவது போலத்தான் செய்திருக்கிறார். மாப்பிள்ளையின் மானம் அது.

"அது கெடலீங்க்கா" என்றேன். "அந்தப் பூசணந்தான் மருந்தே."

அக்கா தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப நாந்தான் கெடுத்தனுங்களா?" என்றார்.

"இல்லீங்க்கா. ஆருகிட்டயும் சொல்லாதீங்க. நான் பாத்துக்கறேன்."

எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

அந்த வாரமே பால் சொசைட்டிக் கட்டடத்தில் கூட்டம். கிணற்றுத் தண்ணீரில் பிந்தி விதைக்கிறவர்கள் பலர் எங்கள் பொடியை வாங்கி வீட்டில் வைத்திருந்தார்கள். அவர்களுடையதும் சொந்த விதைதான், பலருடைய வயலிலும் நெட்டைப் பயிர் இருந்தது. போடலாமா, தூக்கி எறியலாமா என்று கேட்கத்தான் மேடத்தைக் கூப்பிட்டிருந்தார்கள். உள்ளே போவதற்கு முன் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கட்டடத்து நிழலில் நின்று கேட்டார்.

"காரணத்த மறச்சோம்னா இவங்க இந்தப் பொடியத் தொடமாட்டாங்க அண்ணே. நோயோடயே விதைச்சிருவாங்க. காரணத்தச் சொன்னா அந்தம்மா வீட்டுல என்ன ஆகும்னு உங்களுக்குத்தான் தெரியும். நீங்களே சொல்லுங்க. எனக்குச் சொல்ல உரிமை இல்ல."

உள்ளே ஆண்கள் பெஞ்சில், பெண்கள் பின்பக்கம் பால் கேன்களுக்குப் பக்கத்தில். அக்காவும் இருந்தார். மச்சான் முன்வரிசையில், என்னைப் பார்க்காமல். மேடம் நோயைப் பற்றிச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். மச்சானுக்குப் பின் பெஞ்சிலிருந்து நான் எழுந்தேன். சுவரில் இருந்த பால் அளவைப் பலகையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"மருந்து நல்ல மருந்துதானுங்க. கலக்கறப்ப நான் சரியாக் கலக்கல. என் தப்புங்க. நீங்க தைரியமாப் போடலாம்."

"அதான பாத்தேன்" என்றார் ஒருவர். "கலக்கறதுக்கே ஆளு சரியில்லைன்னா?"

"லேபுல இருக்கற ஆளுக்கே கலக்க வரலீன்னா நாங்க கலந்து எங்கீங்க உருப்பட?" என்றார் இன்னொருவர். பெஞ்சில் சிரிப்பு எழுந்தது. மச்சானின் கழுத்து சிவந்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன். நான் சொன்ன பொய் மருந்தையும் காப்பாற்றவில்லை, அவரையும் காப்பாற்றவில்லை.

கேன் நகரும் சத்தம் கேட்டது. அக்கா எழுந்து நின்றிருந்தார். அந்தக் கட்டடத்துக்குப் பால் ஊற்ற மட்டுமே வருகிறவர், அங்கே அவர் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை.

"தம்பி நல்லாத்தானுங்க கலந்தாங்க. நானுங் கூட நின்னேன். கழுவுனது நானுங்க. பூசணம் பூத்துச்சுன்னு மஞ்சத்தண்ணில கழுவிப்போட்டேன்."

மச்சான் திரும்பினார். "ஏஞ்சாமி, எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீங்க மாப்ளயப் பேசுவீங்க."

"நானா? நான் எதுக்குப் பேசறேன்?" அவர் குரலில் கோபமில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். அத்தனை நாளுக்கப்புறம் அப்போதுதான் நேராகப் பார்த்தார். "ஏனுங்க மாப்ள, மருந்துல எப்புடிங்க பூசணம் வரும்? நீங்க அந்த லேபுல என்ன வேலைங்க பாக்கறீங்க?"

மேடம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூசணம் வளக்கறதுங்க" என்றேன். "நல்ல பூசணம். அது பூத்தாத்தான் விதைக்குக் காவல். பூக்குமுன்னு உங்ககிட்டச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, சொல்லாம வந்துட்டனுங்க. அக்கா மேல ஒண்ணும் இல்லீங்க."

முன்வரிசையிலிருந்து வயதான ஒருவர் கேட்டார். "அப்ப மூட்டைல பச்சையாப் பூத்தா அப்புடியே வெதச்சுறலாமுங்களா?"

"வெதச்சுறலாமுங்க."

"கஞ்சி ஆறித்தான் இருக்கோணுங்களா?" என்றார் இன்னொருவர்.

"ஆறித்தான் இருக்கோணுங்க. சூடு பட்டா அது செத்துரும்."

"செத்துருமா. உசுருள்ளதுங்களா அது?" என்று கேட்டுக்கொண்டே மச்சான் பெஞ்சில் நகர்ந்து, எனக்கு உட்கார இடம் விட்டார். பின்னாலிருந்த பெண்கள் எவ்வளவு பூக்கும், என்ன வாசம் வரும் என்று அக்காவைச் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். அவர் கையால் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் தலையைக் குனிந்து உட்கார்ந்து, பட்டறையில் கேட்ட அந்தச் சிரிப்பு எப்போது வரும் என்று காத்திருந்தேன். கூட்டம் கலைந்து, ஆட்கள் செருப்பு மாட்டி, சைக்கிளை எடுத்துப் போகும்வரை காத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் இத்தனை வருடம் மறைத்ததற்கு ஒரு காரணமாவது எனக்குக் கிடைத்திருக்கும்.